கைவிசேடமாய்ப் போன மரநாய்க் காசு

வெற்றிலையின் மேல் அந்தக் காசு கிடந்த கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுற்றிவரப் பொன் நிற வளையம், நடுவில் வெள்ளி நிறம், அந்த வெள்ளியில் முதுகை வளைத்துக்கொண்டு கிளையில் நிற்கும் ஒரு மரநாய். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள் பின்னேரம், நல்லூரில் எங்கள் வீட்டுச் சாமியறையில், முருகன் படத்துக்கு முன்னால் இருந்த தட்டத்தில் மச்சாள் அதை வைத்தார். வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி எட்டும் முடிஞ்சுது," என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டது, என் மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று மட்டும்தான்.

மச்சாள் என் கணவரின் அக்கா. தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பலருக்கு அவர் இன்றும் 'மிஸ்ஸி'தான். நோயாளியோடு கதை கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர்களுடைய பிரஷரைப் பற்றி விசாரிப்பார். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வயதுக்காரர்கள் கோயில், தொலைக்காட்சி நாடகம் என்று ஒதுங்க, இவர் காசு சேர்க்கத் தொடங்கினார். அதுவும் சாதாரணக் காசு அல்ல. உலகத்தின் எந்தக் கடையிலும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமுடியாத காசுகள்.

ஒரு நாடு தன் பணத்தை மாற்றுவதற்கு முன், புதுக் காசு எப்படி வரும் என்று பார்க்கச் சிலவற்றை அடித்துப் பார்ப்பார்களாம். அவை மாதிரிக் காசுகள். இன்னொரு வகையும் உண்டு. நாடு மாறப்போகிறது என்ற கதை அடிபட்டவுடனேயே, அரசாங்கத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத யாரோ, புதுக் காசு இப்படித்தான் இருக்கும் என்று தாங்களாகவே வடிவம் போட்டு அடித்துச் சேகரிப்பவர்களுக்கு விற்பார்கள். அவை கற்பனைக் காசுகள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் முழித்தபோது மச்சாள் ஒரே மூச்சில் விளங்கப்படுத்தினார். "கலியாணக் காட் அடிக்கக் குடுத்தால், அச்சகக்காரன் முதல்லை ஒண்டு அடிச்சுக் கொண்டுவந்து காட்டுவானெல்லோ, அதுதான் மாதிரிக் காசு. பொம்பிளை வீட்டையும் கேளாமல் மாப்பிளை வீட்டையும் கேளாமல் பக்கத்து வீட்டுக்காரன் தானா ஒரு காட் அடிச்சால், அது கற்பனைக் காசு. விளங்குதோ?" நன்றாகவே விளங்கியது. அப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்.

மச்சாளின் கடைசித் தம்பி ஜேர்மனியில் லொறி ஓட்டுகிறார். குரோசியாவுக்கு அடிக்கடி சாமான் ஏற்றிப் போவார். அந்த நாடு தன் பழைய காசை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறப்போகிறது என்ற பேச்சு அங்கே பல வருடங்களாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் விற்கும் சந்தையில் அந்த நாட்டுக்கென்று யாரோ கற்பனை பண்ணி அடித்த ஒரு சதக் காசைக் கண்டு, அக்கா சிரிக்கட்டும் என்று வாங்கி அனுப்பினார். அக்கா சிரிக்கவில்லை. மிச்சம் எங்கே என்று கேட்டார். ஒரு சதத்திலிருந்து இரண்டு யூரோ வரைக்கும் எட்டுக் காசு சேர்ந்தால்தான் ஒரு தொகுதி. இணையத்தில் எட்டையும் ஒன்றாகத் தேடி வாங்கலாமே என்று யாராவது சொன்னால் மச்சாளுக்குக் கோபம் வரும். ஒவ்வொன்றாகக் கையில் அகப்படவேண்டும், அதுதான் சேகரிப்பு, மற்றதெல்லாம் கடைக்குப் போய்வருகிற வேலை என்பார். அப்படியே ஏழு சேர்ந்தது. ஒரு யூரோ மட்டும் தப்பிக்கொண்டே திரிந்தது.

அதற்குள் அந்த நாடு உண்மையாகவே மாறிவிட்டது. உண்மையான ஒரு யூரோவில் அவர்கள் மரநாயைப் போட்டார்கள். முன்னொரு காலத்தில் அங்கே அதன் தோலைக் கொடுத்துத்தான் வரி கட்டுவார்களாம். விட்டுவிட்ட பழைய காசின் பெயரும் அந்தப் பிராணியின் பெயர்தானாம். அது குளிர்காட்டுச் சாதி, எங்களூரில் கோழிக்கூட்டைச் சுற்றுகிற மரநாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். கற்பனைக் காசு அடித்தவனும் எத்தனையோ வருடத்துக்கு முன்பே தன்னுடைய ஒரு யூரோவில் அதே பிராணியைத்தான் போட்டிருந்தான் என்று தம்பி சொன்னதும் மச்சாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாத்தீரே, சரியாப் பிடிச்சிருக்கிறான்!" என்று, சொந்த மருமகன் சோதனை பாஸ் பண்ணியதுபோல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் காசு சேர்ப்பவர்கள் கூடுகிற சிறிய சங்கம் ஒன்றில் மச்சாள் அங்கத்தவர். சேது காசு, ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு, இங்கிலாந்து ராசாவின் தலை போட்ட வெள்ளிக் காசு என்று கனமான மனிதர்கள் கூடுகிற இடம். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர்தான்; ஆனால் காசு என்றால் செல்லுபடியாகவேண்டும், அல்லது ஒருகாலத்தில் செல்லுபடியாகியிருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு கூட்டத்தில் மச்சாள் தன் ஏழு காசையும் விரித்துக் காட்டியபோது, "மிஸ்ஸி, உது விளையாட்டுக் காசெல்லோ. உதை வைச்சுக் கரம்போட் விளையாடலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின், வருடாந்தக் கண்காட்சியில் மேசை வேண்டுமென்றால் தொகுதி முழுமையாக இருக்கவேண்டும் என்பது விதி, ஏழுக்கு இடம் தரமுடியாது என்றும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். மச்சாள் காசுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில், "ஏழோடை நிண்டால் அவர் சொன்னதுதான் சரியெண்டு போயிடும்," என்று மட்டும் சொன்னார். அந்த மேசை அவருக்கு எதற்கு என்று அன்று எனக்குப் புரிந்தது. ஒருவருக்கும் தேவைப்படாத ஒன்றின் மேல் ஆசை வைக்கத் தனக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சபை ஒருநாள் ஒத்துக்கொள்ளவேண்டும். மச்சாள் ஆயுளில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் மரநாய்க் காசு வந்து சேர்ந்த அந்தப் பின்னேரம் வீடே கலகலப்பாக இருந்தது. ஊருக்கு லீவில் வந்த தம்பியின் நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமியறைக்குப் போய்த்தான் மற்ற இடத்துக்கு வரும். பள்ளிக்கூடப் புத்தகம், பிரஷர் குக்கர், கைத்தொலைபேசி, எல்லாவற்றுக்கும் அதே சட்டம். மோட்டார் சைக்கிள் வாசலால் நுழையாது என்றபடியால் அதைப் பூட்டித் திறக்கும் திறப்பு போய்வந்தது. ஆகவே மரநாயும் போனது. மறுநாள் வருடப்பிறப்பு. தட்டத்தில் ஏற்கெனவே வெற்றிலை, பூ, நெல், பெரியவர் கையால் வருடத்தின் முதல் காசாகக் கொடுக்கும் கைவிசேடத்துக்கு மாற்றி வைத்த புதுப் பத்து ரூபாய்க் காசுகள் எல்லாம் தயாராக இருந்தன. இடம் தேடித் திரியாமல் அதிலேயே ஒரு வெற்றிலையில் மச்சாள் காசை வைத்தார். காலையில் கும்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

காலையில் எல்லோரும் தலையில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, பஞ்சாங்கம் சொன்ன சுபநேரத்துக்குக் காத்திருந்தோம். என் மாமா, அதாவது மச்சாளின் தகப்பனார், கைராசிக்குப் பேர்போனவர். அவருடைய கையால் வருடத்தின் முதல் காசை வாங்கவேண்டும் என்று வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் முதலாவது ஆள் சம்மாட்டியார். நல்லூருக்குக் கிட்ட இருக்கிற கொழும்புத்துறையில் சொந்த வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்பவர். வேதக்காரர். உயிர்த்த ஞாயிறும் எங்கள் வருடப்பிறப்பும் ஒரே கிழமைக்குள் வந்தால்கூட இரண்டையும் விடமாட்டார். ஒரு வருடம் தற்செயலாக வந்து மாமாவிடம் கைவிசேடம் வாங்கினார், அந்த வருடம் கடல் அள்ளிக் கொடுத்தது, அன்று தொடங்கிய பழக்கம். அன்றும் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். மாமா தோய்ந்துவிட்டுக் கண்ணாடி போட மறந்திருந்தார். தட்டத்தில் கை வைத்து, மேலாக மினுங்கிய காசை வெற்றிலையோடும் நெல்லோடும் எடுத்து, "எல்லாம் நல்லா வரும்," என்று சொல்லி அவர் கையில் வைத்தார். வாங்கினவர் கையைத் திறந்து பார்ப்பதில்லை. பொத்திய கையோடு, "போட்டுவாறன் ஐயா," என்று சொல்லி அவர் படி இறங்கிப் போனது எனக்கு நன்றாக ஞாபகம்.

வந்தவர்கள் எல்லோரும் போனபின் மச்சாள் சாமியறைக்குள் போனார். பிறகு வெளியே வந்து, ஆஸ்பத்திரியில் கேட்கிற அதே அமைதியான குரலில், "அப்பா, மரநாயை ஆருக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். மாமா பதறிப்போனார். "எந்த மரநாய்? கோழிக்கூட்டுக்கை வந்ததோ?" அது காசு என்று நாங்கள் விளங்கப்படுத்தினோம். விஷயம் விளங்கியதும் மாமாவின் முகம் செத்துப்போயிற்று. என் கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மச்சாள் மறித்தார். "கைவிசேடத்தைத் திருப்பிக் கேக்கிறதோ? அந்த மனிசன்ரை வருசம் என்னாகிறது? ஒருத்தரும் போகக்கூடாது. காசைப் பற்றி அந்தாளோடை ஒருத்தரும் கதைக்கவும் கூடாது." விஷயத்தைச் சொன்னாலே அந்த நல்ல மனிதர் கொண்டுவந்து நீட்டிவிடுவார், அதுவும் கேட்டதற்குச் சமன் என்பது அவர் கணக்கு. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்று வருடப்பிறப்புக்குப் பொங்கிய பொங்கல் ஒருவருக்கும் இனிக்கவில்லை.

கொடுமை என்னவென்றால், அந்த வருடம் கடல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சம்மாட்டியாரின் வலையில் விழுந்த இறாலைப் பற்றிக் கொழும்புத்துறை முழுக்கப் பேச்சு. கிழமைக்கொருமுறை ஒரு பை நிறைய இறாலோ நண்டோ கொண்டுவந்து, "எல்லாம் ஐயான்ரை கை," என்று வைத்துவிட்டுப் போவார். மாமா அந்தக் கறியை ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். மச்சாள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். "இந்தக் கறிக்கு நான் குடுத்த விலையை உலகத்திலை ஒருத்தரும் குடுத்திருக்கமாட்டினம். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கோ," என்பார். தம்பி அங்கே இன்னொன்றைத் தேடிச் சலித்துப்போனார். அடித்தவன் கடையை மூடிவிட்டான் என்று தகவல் வந்தது. கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பின்னேரம், "வாரும், கொழும்புத்துறைக்குப் போவம்," என்று மச்சாள் என்னைக் கூப்பிட்டார். கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். மனத்துக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. கரையில் சம்மாட்டியார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வள்ளத்தின் முன்பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சுக் கட்டியிருந்தது; காசு அதற்குள்தான் என்று விளங்கியது. உப்புக்காற்று நேரே அதில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சாள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு; மாமா மாறிக் கொடுத்த கதையை வாயில் எடுக்கவும் இல்லை. "சம்மாட்டியார், இந்த முறை ஐயா தந்த காசு வெளிநாட்டுக் காசு. அதின்ரை கூட்டாளியள் ஏழு என்னட்டை இருக்கு. நல்லூரிலை காசுக் கண்காட்சி ஒண்டு நடக்குது. உங்கடை காசை நீங்களே கொண்டுவந்து, என்ரை ஏழுக்குப் பக்கத்திலை உங்கடை பேரிலை வைக்க விருப்பமோ?" அவர் வலையைக் கீழே வைத்தார். "மிஸ்ஸி, கைவிசேடம் என்ரை கண்ணை விட்டுப் போகக்கூடாது." "போகத் தேவையில்லை. நீங்களும் பக்கத்திலை கதிரை போட்டு இருங்கோ." "அப்ப ஓம்," என்றார். திரும்பி வரும்போது மச்சாளின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. தொகுதி முழுமையாக இருக்கவேண்டும் என்றுதான் விதி. எட்டும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கண்காட்சி அன்று சம்மாட்டியார் தொழிலுக்குப் போகவில்லை. அயன் பண்ணிய சேட்டோடு வந்து, முடிச்சை மேசையில் வைத்தார். அவிழ்க்கும்போது மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் என் வளையல் அழுந்தியது. மஞ்சள் துணி, அதற்குள் பொலித்தீன், அதற்குள் மெழுகுதிரியை உருக்கி அடைத்த இன்னொரு பொலித்தீன். கடலில் நெருப்புப்பெட்டியைக் காப்பாற்றுகிற அதே முறை. உள்ளே அந்தோனியார் பதக்கத்தோடு சேர்ந்து மரநாய் மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஒரு துளி பச்சைக் களிம்பு இல்லை, ஒரு கறை இல்லை. அலுமாரிக்குள் பூட்டி வைத்த ஏழு காசையும்விட அது புதிதாக இருந்தது. மச்சாள் அடக்கமாட்டாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் பெருமை. உடுவிலில் இருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் முதலில் சம்மாட்டியாரிடம் கதை கேட்டார்கள். அவர் கைவிசேடத்தையும் இறாலையும் தன் பாணியில் சொல்ல, ஒல்லாந்தர் காசு இருந்த மேசையைச் சுற்றி நின்ற கூட்டம் மெல்லமெல்ல இந்தப் பக்கம் சரிந்தது. கடைசியில் தலைவரும் பூதக்கண்ணாடியோடு வந்தார். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "வேலைப்பாடு திறம்தான். ஆனால் செல்லாத காசெல்லோ," என்றார். சம்மாட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர் சொன்னது செல்லாதெண்டு? சித்திரையிலையிருந்து எனக்குச் செல்லுதே!" மண்டபமே சிரித்தது. இம்முறை சிரித்தவர்கள் மச்சாளின் பக்கம் நின்று சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், அவர் அப்படிப்பட்டவர்தான். பார்வையாளர்கள் வாக்குப்போட்டுச் சிறந்த மேசையைத் தெரிவு செய்யும் வழக்கம் அங்கே உண்டு. முடிவைத் தலைவரே ஒலிவாங்கியில் வாசித்தார். மச்சாளின் பெயரையும் சம்மாட்டியாரின் பெயரையும் சேர்த்து வாசித்தபோது, மாமா முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் சம்மாட்டியார் மச்சாளுக்கு முன்னால் வந்து நின்றார். பகல் முழுவதும் மற்றவர்கள் பேசியதைக் கேட்டு அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "மிஸ்ஸி, ஐயா தெரியாமல் தந்திட்டார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் கேக்கேல்லை. நீங்கள் கேக்காததாலைதான் நான் தாறன். இந்தாங்கோ," என்று காசை நீட்டினார். இத்தனை வருடம் தேடிய காசு, ஒரு சாண் தூரத்தில். மச்சாள் அதை நல்ல வடிவாக ஒருமுறை பார்த்தார். பிறகு அவருடைய விரல்களை மடக்கி மூடிவிட்டார். "சம்மாட்டியார், எட்டுக் காசிலை ஏழு பெட்டிக்குள்ளை சும்மா கிடக்குது. இது ஒண்டுதான் வேலைக்குப் போகுது. வேலைக்குப் போறதை நான் ஏன் மறிப்பான்?" சொல்லிவிட்டு, கண்காட்சி வந்தால் மட்டும் அதற்கு லீவு கொடுக்கவேண்டும் என்று கட்டளையும் போட்டார். மரநாயைத் திரும்ப மெழுகு வைத்து அடைத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு, சம்மாட்டியார் சைக்கிளில் ஏறினார்.

அன்றிலிருந்து எல்லாக் கண்காட்சிக்கும் இருவரும் சேர்ந்தே மேசை போடுகிறார்கள். முழுமையான தொகுதி பற்றி இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாமா கண்ணாடி போடாமல் தட்டத்தில் கை வைப்பதில்லை. இந்த வருடம் தம்பி ஸ்பொன்சர் பண்ணி மச்சாளை ஜேர்மனிக்குக் கூப்பிட்டார். போனவர் பனியைப் பற்றியோ மாளிகைகளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. தன்னைக் குரோசியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித் தம்பியை அரித்தெடுத்தார். போன கிழமை அங்கே ஒரு கோப்பிக் கடையில் இருந்து எனக்கு வீடியோவில் அழைப்பு வந்தது. தலையில் கம்பளித் தொப்பி, கையில் உண்மையான ஒரு யூரோ. கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். அதே மரநாய்.

"இதை மேசையிலை வைச்சன். கடைப் பெட்டை தலையை ஆட்டிப்போட்டுத் திருப்பித் தள்ளிவிட்டாள். ஒரு கோப்பிக்கு ரெண்டு மரநாய் வேணுமாம்," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "இவையின்ரை மரநாய் இவ்வளவுதான் பிள்ளை. எங்கடை மரநாய் இண்டைக்குத் தொழிலுக்குப் போனதோ?"

குசினியில் சம்மாட்டியாரின் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

"விடியவே போட்டு வந்திட்டுது, மச்சாள்," என்றேன்.